கரிசல் வெயிலும் பயணியின் தாகமும்

தமிழில் வெயிலைப் பற்றி எழுதியவர்களின் ஊர்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால், புள்ளிகளில் பெரும்பாலானவை மதுரைக்குத் தெற்கே, கோவில்பட்டிக்கு முன்னும் பின்னுமாகத்தான் விழும். பூமணியின் நாவலுக்குப் பெயரே ‘வெக்கை’ (1982). ச.தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதை 2008இல் ‘பூ’ என்ற திரைப்படமானது. மல்லாங்கிணறுக்காரரான எஸ்.ராமகிருஷ்ணன் தம் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு ‘வெயிலைக் கொண்டு வாருங்கள்’ என்று பெயர் வைத்தார். விருதுநகரில் பிறந்த வசந்தபாலன் 2006இல் எடுத்த படத்தின் பெயர் ‘வெயில்’. பிற வட்டாரத்தார் ஆற்றையும் வயலையும் எழுதினார்கள். கரிசல்காரர்கள் தங்கள் தலைக்கு மேல் நின்றதை எழுதினார்கள்.

இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு அந்த மண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு வருகிறது. விடுமுறை கிடைப்பது சித்திரையிலும் வைகாசியிலும்தான். ஆகவே, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் இலக்கிய அன்பர்கள் மிகச் சரியாக அக்னி நட்சத்திரத்தில், அதாவது மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28 வரை நீளும் கத்திரி நாட்களில், தோளில் ஒரு பையும் பைக்குள் ஒரு நாவலுமாக விருதுநகரில் வந்து இறங்குகிறார்கள். வெயிலை அனுபவிக்க வந்தோம் என்கிறார்கள். வெயில் ஓர் அனுபவப் பொருள் என்ற எண்ணம் எழுத்திலிருந்து வந்தது. நாளெல்லாம் அதில் நிற்கிறவருக்கு அது அனுபவம் அன்று. சமாளிக்க வேண்டிய ஒரு வேலை. அந்த வேலையை அங்கே இருப்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கவனித்துக் கற்றுக்கொள்வது, நாவலில் வரும் ஊரைத் தேடிப் போவதற்கு எந்த விதத்திலும் குறைந்த இலக்கியக் காரியம் ஆகாது என்பது எங்கள் எண்ணம்.

முதலில் அந்த வெயிலின் குணத்தைச் சொல்ல வேண்டும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ பழகியவர்களுக்கு வெயில் என்றால் வியர்வை. சட்டை முதுகில் ஒட்டும், நெற்றியிலிருந்து சொட்டும், ‘ஐயோ, தண்ணீர் குடிக்க வேண்டும்’ என்ற நினைப்பு தானாக வரும். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் கோடையின் காற்று உலர்ந்தது. தோலில் சுரக்கும் வியர்வை சொட்டுவதற்கு முன்பே ஆவியாகிவிடுகிறது. வியர்வை ஆவியாவதுதான் உடலைக் குளிர்விக்கிறது என்பதால் ஒரு வகையில் இது நன்மை. கடற்கரைப் புழுக்கத்தைவிட இந்த உலர்வெயிலை உடல் சுலபமாகத் தாங்கும். ஆனால் இதிலேயே ஏமாற்றும் இருக்கிறது. ‘எனக்கு வியர்க்கவே இல்லையே’ என்று சொல்லிக்கொண்டே ஒருவர் மணிக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் நீரை இழந்துகொண்டிருப்பார். மாலையில் சட்டையைக் கழற்றும்போது அக்குளிலும் முதுகிலும் வெள்ளைக் கோடு போட்டாற்போல உப்புப் பூத்திருக்கும். அந்தக் கோடுதான் அன்றைய கணக்கு.

பேருந்தின் சன்னலோரக் காற்றும் இப்படிப்பட்ட ஏமாற்றுக்காரன்தான். காற்றின் வெப்பம் உடம்பின் வெப்பத்தைத் தாண்டிய பிறகு, முகத்தில் அடிக்கும் காற்று உடம்பைக் குளிர்விப்பதைவிட அதிகமாக உலர்த்துகிறது. இதமாக இருக்கிறதென்று இரண்டு மணி நேரம் முகத்தை நீட்டிக்கொண்டு வருகிறவர் இறங்கும்போது தலைவலியோடு இறங்குவார். (இருக்கையைப் பற்றி ஒன்று: மதுரையிலிருந்து தெற்கே போகும் வண்டியில் காலை நேரமானால் வலப்பக்கமும் மாலை நேரமானால் இடப்பக்கமும் உட்காருவது நல்லது. நடத்துநர்களுக்கும் அன்றாடம் போய்வருகிறவர்களுக்கும் இது சொல்லாமலே தெரியும். அந்தப் பக்க இருக்கைகள்தான் முதலில் நிரம்பும்.)

இன்னொரு வானியல் செய்தி. சிவகாசி இருப்பது ஏறத்தாழ ஒன்பதரை பாகை வட அட்சரேகையில். சூரியன் அங்கே உச்சந்தலைக்கு நேராக வருவது வருடத்தில் இரண்டு முறை: ஏப்ரல் நடுவில், சித்திரை முதல் நாளை ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் மாதத்தின் கடைசியில் ஒரு தடவை. அந்த நாட்களின் நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் கிடையாது. கத்திரி நாட்களில் சூரியன் கொஞ்சம் வடக்கே போய்விடுவதால் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆனால் மூன்று மீட்டர் உயரச் சுவருக்கு அரை மீட்டர் அகலம்தான் நிழல் கிடைக்கும். ஓர் ஆள் சுவரோடு ஒட்டி நிற்கலாம். உட்கார்ந்து காலை நீட்ட முடியாது. காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை தெருவில் ஆள் நடமாட்டம் குறைவதற்குக் காரணம் சோம்பல் அன்று, இந்தக் கணக்குத்தான்.

மரநிழலைப் பற்றிப் பேசவே வருத்தமாக இருக்கிறது. மதுரையிலிருந்து கன்னியாகுமரி நோக்கிப் போகும் பெருவழியை ராணி மங்கம்மாளோடு சேர்த்துப் பேசுவது இந்தப் பக்கத்து மரபு. சாலை, சத்திரம், சாவடி, மரம் எல்லாம் அவள் பேரில்தான் சொல்லப்படும். நான்குவழிச் சாலை வந்தபோது ஓரத்துப் புளியமரங்களும் ஆலமரங்களும் போயின. இப்போது அந்தச் சாலையின் இருபக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை தெரிவது சீமைக்கருவேலம். நிழலைக் கேட்டால் அது முள்ளைத்தான் தரும். நடந்து போகிறவன் இருக்கிறான் என்பதையே மறந்துபோன சாலை அது. காருக்குள் குளிர்சாதனத்தோடு போகிறவருக்கு மரம் தேவையில்லை. இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு ஆடியில் நேர்ந்துகொண்டு நடந்தே வரும் ஆயிரக்கணக்கான பேருக்குத் தேவை.

வெயிலில் பயணம் செய்யும் கலையில் நம் இலக்கியம் நமக்கு முன்னோடி ஒன்றும் வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரையை நோக்கி நடக்கும் கோவலன், கண்ணகி வெயிலைத் தாங்கமாட்டாள், பரல் நிறைந்த வழியில் அவள் பாதங்கள் தளரும் என்று கவுந்தியடிகளிடம் சொல்லி, பகலில் தங்கி இரவில் நிலவொளியில் நடக்க ஏற்பாடு செய்கிறான். மாதவியிடம் போன கோவலனை மன்னிக்காதவர்களும் பயண ஏற்பாட்டாளன் கோவலனுக்கு ஒரு நல்ல சொல் சொல்லலாம். நம் காலத்தில் இரவு முழுக்க நடக்க வேண்டியதில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு மேல் மீண்டும் கிளம்பினால் போதும். நடுவே இருக்கும் ஐந்தரை மணி நேரம் புத்தகம் வாசிக்க என்று வைத்துக்கொள்ளலாமே. ஆனால் நம் பயணத் திட்டங்களை எடுத்துப் பாருங்கள்: காலை பத்துக்கு விருதுநகரில் காமராசர் இல்லம், பன்னிரண்டுக்கு சாத்தூர், இரண்டுக்குச் சிவகாசி, நான்குக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. போதாததற்கு விருதுநகரில் நடுப்பகலில் எண்ணெயில் பொரித்த பரோட்டா வேறு. பரோட்டாவுக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். அதை இரவில் சாப்பிடலாம்.

‘நாங்கள் இந்த வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள், எங்களை ஒன்றும் செய்யாது’ என்று மார்தட்டும் ஊர்க்காரர்களையும் பார்த்திருக்கிறோம். இருபது வருடமாகக் குளிர்சாதன அறையில் வேலை பார்த்துவிட்டுத் திருவிழாவுக்கு வருகிறவர்கள்தான் இதை அதிகம் சொல்வார்கள். வெயிலைத் தாங்கும் உடல்திறன் பிறப்புரிமை அன்று. ஒருவர் வெயிலில் தொடர்ந்து புழங்கினால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் உடம்பு பழகிக்கொள்கிறது: வியர்வை சீக்கிரம் சுரக்கிறது, நிறையச் சுரக்கிறது, அதில் உப்பு குறைவாகப் போகிறது. வெயிலை விட்டு விலகினால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் போய்விடும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறை பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகருக்கும் சித்திரைத் திருவிழாவுக்குச் சிவகாசிக்கும் வந்து போகிறவர், உடம்பைப் பொறுத்த வரை வெளியூர்க்காரர்தான். வயதானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு இது இன்னும் பொருந்தும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. கிளம்புமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடைக்கு வருவோம். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பொருள் ஒன்று போதும்: நல்ல பருத்தித் துண்டு. தலையில் கட்டலாம், கழுத்தைப் போர்த்தலாம், நனைத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொள்ளலாம். முழுக்கைச் சட்டை வெயிலுக்கு நல்லது என்றால் நம் இளைஞர்கள் சிரிக்கிறார்கள்; அரைக்கைச் சட்டைதான் காற்றோட்டம் என்பது அவர்கள் வாதம். பாலைவனத்து பெடுவின்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்து 1980இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. கறுப்போ வெள்ளையோ, தளர்ந்த அங்கிக்குள் தோலை எட்டும் வெப்பம் ஒன்றாகவே இருந்தது. கறுப்புத் துணி கூடுதலாக வாங்கிய சூட்டைத் துணிக்குள் புகுந்து வெளியேறும் காற்று கொண்டுபோய்விட்டது. நிறத்தைவிடத் தளர்ச்சி முக்கியம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உடம்பைப் பிடித்திருக்கும் செயற்கை இழை உடைகள்தான் இங்கே உதவாதவை. குடை பிடிக்க ஆண்கள் ஏன் வெட்கப்படுகிறார்கள் என்பது எங்களுக்குப் புரிந்ததே இல்லை.

இனி நீர். ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்ற அறிவுரை பாதிதான் சரி. வியர்வையில் போவது தண்ணீர் மட்டும் அன்று, உப்பும் போகிறது. நாளெல்லாம் வெயிலில் அலைந்துவிட்டு வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி வேறொரு ஆபத்து வரும். இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதும், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டரைத் தாண்டாமல் இருப்பதும் வெயிலில் உழைப்பவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் அளவு. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. தாகம் தாமதமாக வரும் தந்தி. முதியவர்களுக்கு அது வந்து சேராமலே போவதும் உண்டு.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால்தான் குடல் நீரை விரைவாக உறிஞ்சும். இந்தச் சின்ன உண்மைதான் சென்ற நூற்றாண்டில் மிக அதிகமான உயிர்களைக் காத்த மருத்துவ அறிவுகளுள் ஒன்று. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனபோது, உப்பையும் குளுக்கோஸையும் நீரில் கரைத்து வாய்வழியே கொடுக்கத் துணிந்தவர் மருத்துவர் திலீப் மஹலநபிஸ். 2022இல் அவர் மறைந்தார். 2023இல்தான் பத்ம விபூஷண் வந்தது. (நம் நாட்டில் விருதுகளுக்கும் தாகத்தைப் போலத்தான், தாமதமாக வரும் குணம்.) கடையில் பொட்டலம் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரித்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ‘ஓஆர்எஸ்’ என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கிய சர்க்கரைப் பானங்கள் வெகுகாலம் அதே அலமாரியில் விற்றன; அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பொட்டலம் கிடைக்கவில்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது.

கரிசல்காரர்கள் இதை அளவுக்கரண்டி இல்லாமலே செய்துவந்திருக்கிறார்கள். உப்புப் போட்ட நீச்சத்தண்ணி, மோர் ஊற்றிக் கரைத்த கம்மங்கூழ், கடித்துக்கொள்ள வெங்காயமும் மோர்மிளகாயும். இதில் நீர் இருக்கிறது, உப்பு இருக்கிறது, மாவுச்சத்து இருக்கிறது. பனையிலிருந்து பதநீரும் நுங்கும் கிடைக்கும் பருவமும் இதுவே. சாத்தூர் ரயில் நிலையத்தில் வெள்ளரிப் பிஞ்சு வாங்காமல் கடந்து போன பழைய தலைமுறைப் பயணி இருக்க முடியாது. அதே ஊரில்தான் காராச்சேவும் பேர்போனது. ஒன்றில் நீர், ஒன்றில் உப்பு. ஒரே ரயில் நிலையத்தில் இரண்டும் அமைந்தது தற்செயலாகத்தான் இருக்கும், என்றாலும் நமக்கு அதில் ஒரு திருப்தி. பவண்டோ கொடுத்த காளிமார்க் நிறுவனமும் 1916இல் விருதுநகரில் தொடங்கியதுதான். ஊர்ப் பெருமைக்கு ஒரு பாட்டில் குடிக்கலாம். வியர்வையில் போன உப்பைத் திருப்பித் தருவது எந்தக் குளிர்பானத்தின் வேலையும் அன்று.

சிவகாசிப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியவை உண்டு. அந்தத் தொழிலே வெயிலை நம்பி வந்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள்; பின்னர் 1940களில் பட்டாசு வளர்ந்தது. மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த, வேளாண்மை பொய்த்துப்போகும் பூமி. குச்சி காய்வதற்கும் மருந்து காய்வதற்கும் அது வசதி. பயிருக்கு ஆகாத வெயில் வெடிக்கு ஆயிற்று. ஆனால் அந்த வெயிலுக்கு அந்த ஊர்க்காரர்கள் காட்டும் பயபக்தியைக் கவனிக்க வேண்டும். மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே முடிக்கிறார்கள். பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும் என்பது அங்கே பாதுகாப்பு விதி. செயற்கை இழை உராய்ந்தால் மின்பொறி வரும். மருந்து அறைகளில் மின்விசிறி சுழலாது. இன்னொரு விசித்திரம், தண்ணீரும் அங்கே முழு நண்பன் அன்று: அலுமினியத் தூள் கலந்த மருந்து நனைந்து கிடந்தால் தானே சூடேறும். வெயிலும் நீரும் இரண்டுமே எமனாக முடியும் இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு பெண் திரி செருகுகிறாள்.

பயணிகள் அங்கே போய் ‘பட்டாசு செய்வதைப் பார்க்க வேண்டும்’ என்று ஆலை வாசலில் நிற்பதை நாங்கள் சரியென்று சொல்லமாட்டோம். காய வைத்திருக்கும் சரக்கின் பக்கம் கைப்பேசியோடு நெருங்குவது, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது எதுவும் வேண்டாம். எங்காவது புகை எழுந்தால் அந்தப் பக்கம் ஓடுவது அறவே கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் வெடிச்சத்தத்தைக் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள் அவர்களுள் பலர். வாங்கிய பட்டாசைப் பூட்டிய காருக்குள் வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ரயிலில் கொண்டுபோவது குற்றம். குழந்தையைக் காரில் தூங்கவிட்டுக் கடைக்குள் போவதோ எல்லாவற்றிலும் கொடியது. கண்ணாடி ஏற்றிய கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் முக்கியமானது ஒன்று மீதம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று சொல்லும்போது நாம் யாரிடம் சொல்கிறோம்? எங்கள் நண்பர் வட்டத்தில் இலக்கியப் பயணம் போகும் நாட்களில் பெண்கள் காலைக் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதன் பிறகு தங்கும் இடம் வரும் வரை பாட்டில் கையிலேயே இருக்கும், மூடி திறக்காது. காரணத்தை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வழியில் கழிப்பறை இல்லை, அல்லது இருந்தும் நுழைய முடியாது. நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. தண்ணீர் பாட்டில் அச்சிட்ட விலைக்கு மேலே விற்றார்கள். கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவியைக் கேட்டால் ‘சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்’ என்றார்கள். ஆண்கள் சாலையின் மறுபக்கம் போனார்கள். பெண்கள் வண்டிக்குத் திரும்பினார்கள். அன்றைய வெப்பத்தைப் பற்றி இரு பாலாரும் ஒரே மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் ஒரே வெயிலில் பயணம் செய்யவில்லை.

குடிக்காமல் இருப்பது ஒரு நாள் பயணிக்குத் தலைவலியோடு போய்விடலாம். விடியற்காலையில் ஆலை வண்டி ஏறி மாலையில் திரும்பும் பெண்களுக்கு அது வருடம் முழுவதும். சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல் என்று பின்னர் மருத்துவமனையில் பெயர் சூட்டப்படும் துன்பங்களில் ஒரு பங்கு இந்தக் குடிக்காத தண்ணீரில் தொடங்குகிறது. சட்டம் இதை அறியாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குடிநீரையும் கழிப்பறையையும் அடுத்தடுத்த பிரிவுகளில் வைத்தது; 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றும் சொன்னது. அதன் இடத்துக்கு 2025 நவம்பரில் வந்த புதிய தொகுப்புச் சட்டமும் இரண்டையும் கேட்கிறது. 250 பேர் இல்லாத சிறு ஆலையில் வெயில் குறைவாக அடிக்குமா என்று பழைய சட்டத்தை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும். குடிநீரும் கழிப்பறையும் ஒரே ஏற்பாட்டின் இரு முனைகள். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு அறிவுரை சொல்வது பாதி உதவிகூட ஆகாது.

தண்ணீர்ப் பந்தலுக்கு நம் மரபில் இருந்த மதிப்பு சாதாரணமானது அன்று. திங்களூரில் அப்பூதியடிகள் தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்குத் திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டியிருந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. வழிப்போக்கர் தாகம் தீர்க்கும் இடத்துக்குத் தம் பெயரை அல்லாமல் தாம் வணங்குகிறவரின் பெயரை வைத்தார் என்பதைக் கவனியுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பந்தலுக்கு நீர் கொண்டுவருபவருக்கும் ஊற்றிக் கொடுப்பவருக்கும் கலம் வனையும் குயவருக்கும் நிலம் விடப்பட்டது. பந்தலைத் திறந்துவைப்பதோடு கடமை முடியாது, நாள்தோறும் பானையை நிரப்ப ஆள் வேண்டும், உடையும் பானைக்குப் பதில் பானை வேண்டும் என்று யோசித்த ஒரு நிர்வாகம் அது. இன்றைய பந்தல்களை எல்லோரும் பார்க்கிறோம். ஏப்ரலில் கட்சிக்கு ஒன்றாகத் திறப்பு விழா. தர்ப்பூசணி, மோர், ஆளுயரப் படம், செய்தித்தாளில் நிழற்படம். இரண்டாம் வாரத்தில் பானை கவிழ்ந்து கிடக்கும், படம் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. குடிநீர்ப் பந்தலுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கும் பேரிடர் நிதியிலிருந்து செலவிடலாம். நல்ல அறிவிப்பு. இறந்தபின் கிடைக்கும் நான்கு லட்சத்தைவிட இருக்கும்போது கிடைக்கும் ஒரு தம்ளர் பெரிது என்பதால், செலவின் இரண்டாம் பகுதியைத்தான் நாம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மதுரையிலிருந்து கோவில்பட்டி வரை பேருந்து நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குழாயும், அதன் அருகிலேயே பூட்டில்லாத, தண்ணீர் வரும், பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய ஒரு கழிப்பறையும் வேண்டும். அருப்புக்கோட்டையும் சாத்தூரும் விருதுநகரும் குடிநீருக்குத் தாமிரபரணியை எதிர்பார்க்கும் ஊர்கள். இது அங்கே சுலபமான காரியம் அன்று என்பதை அறிவோம். நான்குவழிச் சாலையும் சுலபமான காரியமாக இருக்கவில்லை.

வழியில் யாரேனும் தள்ளாடினால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். களைப்பு, தலைசுற்றல், கெண்டைக்கால் இழுப்பு என்றால் நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பேச்சுக் குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வேறு. உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம், நிமிடங்கள் கணக்கு. 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திராமல், உடையைத் தளர்த்தி, கையில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் உடம்பின் மேல் ஊற்றித் துண்டால் விசிற வேண்டும். வியர்த்திருக்கிறதே, ஆகவே இது வெப்பத்தாக்கு அன்று என்று முடிவு கட்ட வேண்டாம். வெயிலில் நடந்தோ உழைத்தோ விழுந்தவருக்கு வியர்வையும் இருக்கும். நினைவு தப்பியவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது. குடிக்க வைத்திருந்த கடைசி பாட்டிலாயிற்றே என்று அப்போது கணக்குப் பார்க்காதீர்கள். பக்கத்துக் கடையில் கேட்டால் அந்த ஊரில் தண்ணீர் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.